மறுகால் தண்ணீர் வீண் இல்லை: ராமநாதபுரம் கரையில் ஈரநிலங்களை மீட்பது எப்படி?

அரசு அலுவலகங்களில் 'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மேலதிகாரி மிரட்டினால் கேட்பவர் மனதில் முதலில் வரும் ஊர் இன்றைக்கும் ராமநாதபுரம்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியல் வேறு கதை சொல்கிறது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே அதில் இடம்பிடித்துவிட்டன. 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் ராம்சர் ஈரநிலங்கள் 20 ஆயின. இந்த நான்குமே ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்கள், அதாவது பாசன ஏரிகள். இங்கிருந்து கன்னியாகுமரி வரை நீளும் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தையும் சேர்த்தால் இருபதில் ஐந்து, இந்தத் தண்ணியில்லாத காட்டின் கணக்கில் வருகின்றன.

சரி, பெயர்ப்பலகை வந்துவிட்டது. இனி என்ன செய்வது? பட்டியலில் சேர்ந்த கண்மாய்களிலும் சேராதவற்றிலும் 'புனரமைப்பு' என்ற பெயரில் வேலைகள் நடக்கின்றன. ஓரிடத்தில் பொக்லைன், இன்னோரிடத்தில் மரக்கன்று, வேறோரிடத்தில் நடைபாதையும் சிமென்ட் பெஞ்சும். இவற்றில் எது ஈரநிலத்தை மீட்கிறது, எது திறப்புவிழாப் படத்துக்கு மட்டும் உதவுகிறது என்று பிரித்துப் பார்க்க நான் மூன்று கேள்விகள் கேட்பேன். தண்ணீர் வரும் வழி சரியானதா? அது தங்கும் காலம் சரியானதா? வெளியேறும் வழி சரியானதா? மூன்றில் ஒன்றுகூடச் சரியாகவில்லை என்றால் செய்த வேலை அலங்காரம்தான். கண்மாய்க்குக் கேட்கும் இதே கேள்விகளை அலையாத்திக் காட்டுக்கும் கேட்கலாம். கடலடிப் புல்வெளிக்குக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ தட்டையானது, கடலைப் பார்த்து மெல்லச் சாய்வது. மலையும் பள்ளத்தாக்கும் இல்லாத இடத்தில் ஒரே பெரிய அணையாகக் கட்டித் தேக்க வழியில்லை. அதனால்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள். சாய்வுக்குக் குறுக்கே வில் போல ஒரு கரை, வயலுக்குத் திறக்க மடை, மிஞ்சிய தண்ணீர் வழிந்துபோகக் கலுங்கு. அப்படி வழிந்து போவதைத்தான் மறுகால் என்பார்கள். ஒரு கண்மாயின் கலுங்கில் வழிவது அடுத்த கண்மாயின் வரத்து. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரே மூச்சில் நாரைகூடப் பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீளமான கரை என்று அர்த்தம். வைகையும் இங்கே வந்து சேரும்போது ஆறாக நடந்துகொள்வதில்லை. பார்த்திபனூர் மதகணையில் கால்வாய்களாகப் பிரிந்து கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு வந்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டும். அதுவும் நிறைந்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊருக்குப் பக்கத்தில் பாக் நீரிணையைப் பார்க்கும். தெற்கே குண்டாறும் அப்படித்தான், மூக்கையூர்ப் பக்கம் மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது.

இப்படிக் கடலுக்குப் போகும் தண்ணீரைப் பற்றி நல்ல மழை வருஷத்தில் நாளிதழ்களில் ஒரு தலைப்பு தவறாமல் வரும்: 'வீணாகக் கடலில் கலக்கிறது'. விவசாயி பார்வையில் அது நியாயமான கோபம். ஆனால் கரையோரத்தில் இருந்து பார்த்தால் அந்தத் தண்ணீருக்கு நிறைய வேலை இருக்கிறது. கோடையில் ஓடைகளின் முகத்துவாரங்களைக் கடல் மணல் போட்டு அடைத்துவிடும். அந்த மணல் திட்டை உடைத்துத் திறப்பது மறுகால் போகும் வெள்ளம்தான். வாய் திறந்தால்தான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் கழிமுகத்துக்குள் வரும். கழிமுகத்துச் சேற்றில் ஏறிக்கிடக்கும் உப்பை அந்த நல்ல தண்ணீர்தான் வருஷத்துக்கு ஒருமுறையாவது கழுவிவிடும். அந்தக் கழுவல் நின்ற இடங்களில் அலையாத்தி மரம் குட்டையாகி, கடைசியில் வெறும் உப்புத்தரை மிஞ்சும். ஆக, உள்நாட்டில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால் அடைபட்டால் அதன் பலன் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் தெரிகிறது. கண்மாய் ஒரு துறை, கடற்கரை ஒரு துறை என்று பிரித்து வைத்திருப்பது நாம்தான். தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

இந்த ஊர் ஈரநிலத்தைப் பற்றி இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சித்திரையில் கண்மாய் வறண்டு கிடப்பது நோய் இல்லை. வண்டல் வெடித்துக் காய்வதும், கண்மாயின் உட்பரப்பான உள்வாயில் ஆடுமாடு மேய்வதும், சாணம் விழுவதும், விவசாயி வண்டல் அள்ளிப் போவதும் அந்த நிலத்தின் வருஷச் சுழற்சியில் ஒரு பகுதி. காய்ந்த மண்ணில் மக்கியதெல்லாம் அடுத்த மழையில் கரைந்து பூச்சிக்கும் நத்தைக்கும் மீன்குஞ்சுக்கும் தீனியாகிறது. அந்த மீனை நம்பித்தான் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்ட வருகின்றன. வருஷம் பூராவும் தண்ணீர் ததும்பி நிற்கும் ஏரி என்பது நகரத்துப் பூங்காவில் இருந்து வந்த கனவு. அதைக் கண்மாய்மேல் சுமத்தி, குழாய்க்கிணற்றுத் தண்ணீரை விட்டு நிரப்பி, படகு விடுவதைச் சிலர் மீட்பு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அப்படியானால் எது சேதம்? வறட்சி வருவது சேதமில்லை, மழை வந்தும் நிறையாமல் போவதுதான் சேதம். வரத்துக்காலில் மண் மேவி, நடுவில் ஒரு சாலை குறுக்கிட்டு, அதன் அடியில் போட்ட குழாய் போதாமல் தண்ணீர் திசைமாறிப் போவது. கலுங்கை ஒரு ஊர் மூட்டை போட்டு உயர்த்த, கீழூர்க் கண்மாய்க்கு வரத்து குறைவது. கரை பலமில்லாததால் பாதி நிறைந்ததுமே பயந்து திறந்துவிடுவது. இவையெல்லாம் படமெடுக்கத் தோதில்லாத சேதங்கள். இவற்றின் பலனாக உள்வாய்க்குள் ஏறி உட்கார்ந்த சீமைக்கருவேலம் மட்டும் எல்லார் கண்ணிலும் படுகிறது. எனவே திட்டம், தீர்ப்பு, நிதி எல்லாமே அதன் பின்னால் ஓடின.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் ராமநாதபுரத்தில் எந்த ஈரநில வேலையும் அதைத் தொடாமல் நடக்காது. மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த மரம் இது. மதராஸ் மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, விறகுக்கு ஆகும் என்று வெள்ளைக்கார வனத்துறையினர் விதை தருவித்து நட்டார்கள். விறகுக்கு ஆனது என்பதும் உண்மை. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் போனால் கரிமூட்டம் புகைவதைப் பார்க்கலாம். விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே காற்று அதிகம் போகாமல் நாள்கணக்கில் வெந்து கரியாக விடுவார்கள். மழை பொய்த்த வருஷத்தில் அந்த ஊர்களுக்குச் சோறு போட்டது நெல் இல்லை, இந்தக் கரிதான். மரத்தைத் திட்டும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. அது இல்லாமலே அதன்மேல் சுமத்தப் போதுமான குற்றங்கள் இருக்கின்றன. ஆழமாக வேர்விட்டு நிலத்தடி ஈரத்தை எடுக்கும், கீழே வேறு செடி வர விடாது, வரத்துக்காலில் முளைத்தால் குப்பையையும் மண்ணையும் பிடித்து நிறுத்தி வழியையே மூடிவிடும்.

அதை ஒழிக்க முடியாமல் போவதற்குக் காரணம் அது பரவும் விதத்தில் இருக்கிறது. நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடு விரும்பித் தின்னும். கெட்டியான விதை வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, போகிற இடமெல்லாம் முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டையில் இருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். கட்டையின் அடியில் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே ஒரு முண்டு இருக்கும். தளிர் அத்தனையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த முண்டோடு பிடுங்காமல் மேலே அறுத்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்குப் புதர் இன்னும் நெருக்கமாக நிற்கும். ஒப்பந்த வேலையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். விறகு எடையில் காசு வருவது தண்டுக்கும் கிளைக்கும். வேரைத் தோண்ட ஆகும் டீசல் செலவை யாரும் விரும்பி ஏற்பதில்லை.

2017-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லிக் கடுமையான உத்தரவுகள் போட்டது. ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. கொஞ்ச நாளில் சென்னையில் அதற்கு இடைக்காலத் தடை வந்தது. சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயாமல் ஒரேயடியாக வெட்டலாமா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. கேள்வி நியாயமானது. நாட்டுக்கருவேலம் அழிந்துபோன கண்மாய்களில் நாரைகள் வேறு வழியில்லாமல் சீமைக்கருவேலத்தின் மேலேயே கூடு கட்டக் கற்றுக்கொண்டுவிட்டன. ஒரே கோடையில் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டால் ஐப்பசியில் வரும் பறவைக்கு உட்காரக் கிளை இருக்காது. 2022-ல் மாநில அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. வெட்டுவதோடு நிற்காமல் அந்த இடத்தில் நாட்டு மரமும் புல்லும் கொண்டுவருவதையும் அது பேசுகிறது. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம்தான்.

களத்தில் உருப்படியாக நடக்கும் முறை மெதுவானது. முதலில் வரத்துக்கால், கலுங்கு, மடைவாய் ஆகிய இடங்களில் வேரோடு எடுப்பார்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது எடுத்தால் வேர் அறாமல் வரும். கண்மாய்க்குள் பறவை கூடு கட்டும் பகுதியைத் தொடாமல் விட்டு, பக்கத்தில் மண் திட்டுகள் போட்டு நாட்டுக்கருவேலக் கன்று நடுவார்கள். அந்தக் கன்று கூடு தாங்கும் கிளை விடச் சில வருஷம் ஆகும். அதுவரை பழைய மரம் நிற்கும், பிறகு அது போகும். இதற்கு நடுவில் கண்மாய் ஒழுங்காக நிறைந்து மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். புதிதாக முளைத்த சீமைக்கருவேலக் கன்று நீண்ட நாள் மூழ்கிக் கிடந்தால் தாங்காது. உள்வாயில் அது இவ்வளவு அடர்ந்ததற்கே, அங்கே தண்ணீர் நிற்காமல் போனதுதான் காரணம். மரத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொண்டுவராவிட்டால் மூன்றே கோடையில் பழைய காடு திரும்பிவிடும்.

இந்தப் பாடத்தை நமக்கு முற்றிலும் சம்பந்தமில்லாத ஒரு நிலமும் படித்திருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்கே ஃபென் என்று சதுப்பு நிலங்கள் உண்டு. நிலத்தடி ஊற்று நீர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும், செத்த நாணலும் கோரையும் மக்க முடியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கரிய மண்ணாக நிற்கும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மூய்டன் தலைமையில் பெரிய வாய்க்கால்கள் வெட்டி அவற்றை வடித்து வயலாக்கினார்கள். வடிந்ததும் அந்த மண் காற்றுப்பட்டு மக்கி, சுருங்கி, தரையே இறங்கத் தொடங்கியது. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1850-களில் தலை மட்டும் தெரியும்படி புதைத்த ஓர் இரும்புத் தூண் இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. இப்போது அங்கே மீட்பு வேலை என்றால் முதலில் செய்வது வடிகாலை அடைப்பதும் நீர்மட்டத்தைத் தரைக்கு அருகில் உயர்த்துவதும்தான். கோரையும் நாணலும் நடுவது அப்புறம், பல இடங்களில் தானாகவே வந்துவிடுகிறது. அங்கே தண்ணீர் வெளியேறியது கேடு, இங்கே தண்ணீர் வந்து சேராதது கேடு. வேலையின் வரிசை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தூர்வாருவது பற்றி. 2017-ல் நீர்நிலைகளைச் சீரமைக்கக் குடிமராமத்து என்ற பழைய பெயரில் ஒரு திட்டம் மறுபடி வந்தது. கரை, மடை, கலுங்கைச் சரிசெய்த இடங்களில் பலன் கிடைத்தது. ஆனால் தூர் என்ற பேரில் சவுடு மண் தோண்டும் கதை வேறு. ராமநாதபுரம் கரையோரத்தில் பல ஊர்களில் கண்மாயின் அடியில் இருக்கும் களிமண் படலம்தான் நல்ல தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன் கீழே மணல், மணலில் உப்புத் தண்ணீர். இயந்திரம் அந்தக் களிமண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டால் மேலே நின்ற தண்ணீர் உள்ளே போய்விடும், அல்லது கீழிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். வண்டல் எடுப்பது வேறு, களிமண்ணை எடுப்பது வேறு. மாட்டுவண்டி கட்டி வண்டல் அள்ளிய காலத்தில் இந்த வித்தியாசம் தானாகவே காப்பாற்றப்பட்டது, அவ்வளவு ஆழம் போக ஆளால் முடியாது.

பறவைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. இயந்திரம் தோண்டிய குழிக்குச் சுவர் செங்குத்தாக நிற்கும். நாரை நீந்தி மீன் பிடிக்கிற பறவை இல்லை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அலகால் துழாவிப் பிடிப்பது. அரிவாள்மூக்கனுக்கும் கரண்டிவாயனுக்கும் அதைவிடக் குறைந்த ஆழம் போதும். ஓரத்தில் இருந்து நடுவுக்கு மெல்ல இறங்கும் சரிவு இருந்தால், தண்ணீர் வற்ற வற்ற அந்த முழங்கால் ஆழப் பட்டை உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகும், பங்குனி வரை பறவைக்குச் சாப்பாடு கிடைக்கும். செங்குத்துக் குழியில் அந்தப் பட்டையே இருக்காது. தண்ணீர் கொள்ளளவு கூடியது என்று அறிக்கை சொல்லும், பறவை மட்டும் வராது.

இனி கரைக்கு வரலாம். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகும் கயாக்கும் விட்டு நடத்தும் சுற்றுலாவால் இப்போது பெயர் பெற்ற ஊர். சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களை அங்கே பக்கத்தில் பார்க்கலாம். அந்தச் சேற்றில் காற்று இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. ஓதம் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே வரும். இந்த ஏற்ற இறக்கம் தடைபட்டு, தண்ணீர் தேங்கி நின்று வெயிலில் சுண்டத் தொடங்கினால் மரத்துக்கு மூச்சும் போகும், உப்பும் ஏறும்.

தமிழ்நாட்டுக் கரையில் அலையாத்தி அழிந்ததை ஆடுமாடு மேய்ந்ததாலும் விறகு வெட்டியதாலும் என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வனத்துறையோடு சேர்ந்து பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளையர் காலத்தில் முறை வைத்துக் காட்டை மொத்தமாக வெட்டியதில் வெயில்பட்ட சேறு காய்ந்து அமுங்கி, தாழ்ந்த தட்டாக ஆகிவிட்டது. ஓதம் உள்ளே வந்தது, வெளியே போக முடியவில்லை. தேங்கியது சுண்டி உப்பானது. என்ன நட்டாலும் செத்தது. அவர்கள் செய்தது கால்வாய் வெட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதில் இருந்து இருபக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள், பார்க்க மீன்முள் போல. ஓதம் வந்து போகத் தொடங்கியதும் உப்பு இறங்கியது, பிறகு வாய்க்கால் ஓரமாக நட்ட விதை பிழைத்தது. கன்று நடும் விழாக்களுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். விழாவில் வாய்க்கால் வெட்ட யாரும் கூப்பிடுவதில்லை.

ராமநாதபுரத்தில் ஓதத்தை மறித்தவற்றில் இறால் பண்ணைகளும் உண்டு. 1990-களில் இந்தக் கரை நெடுகக் குளங்கள் வெட்டினார்கள். அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர் எஸ்.ஜெகந்நாதன், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த காந்தியவாதி. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகளை மூடச் சொன்னது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து தொழிலை வேறு வடிவில் தொடர வழிவிட்டது என்பது இன்னொரு கதை. நோய் தாக்கியோ நஷ்டப்பட்டோ கைவிட்ட குளங்களின் கரைகள் இன்னும் அப்படியே நின்று ஓதத்தைத் தடுக்கின்றன. அப்படி ஒரு குளத்தை மீட்க மிக மலிவான வழி, கரையைச் சரியான இரண்டு மூன்று இடத்தில் உடைத்துவிடுவது. பக்கத்தில் தாய் மரங்கள் இருந்தால் விதை மிதந்து வந்து தானே ஊன்றும். நடவுச் செலவே வேண்டாம். எந்த இடத்தில் உடைப்பது என்று தெரிய, ஓதம் முன்பு எந்த வழியாக ஏறியது என்று அந்த ஊர்ப் பெரிய மீனவர் ஒருவரைக் கேட்டால் போதும்.

அலையாத்தி நல்லது என்பதால் எங்கு பார்த்தாலும் அதை நடுவதும் தப்பு. சேற்றுத்தட்டு, உப்பளத்து ஓரம், மணல் சூழ்ந்த காயல் எல்லாம் மரம் இல்லாமலே முழுமையான ஈரநிலங்கள். வாலிநோக்கம் உப்பளப் பகுதியிலும் மண்டபத்தை அடுத்த பிள்ளைமடம் காயலிலும் தனுஷ்கோடியிலும் பூநாரைகள் இறங்குவது அந்த வெட்டவெளிக்காகத்தான். வடக்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் உள்ளான்களும் அலை பின்வாங்கிய ஈரமணலில்தான் இரை தேடும். 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 524 எக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அங்கே செய்ய வேண்டிய 'மீட்பு' பெரும்பாலும் எதையும் நடாமல், வண்டிகளை மணலில் இறங்கவிடாமல் இருப்பதுதான்.

கடலுக்கடியில் கதை இன்னும் சிக்கல். பாக் நீரிணையின் சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. வெயில் தரை வரை எட்டுவதால் கடற்புல் வயல்கள் விரிந்திருக்கின்றன. இந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்ற கடற்பசு வாழ்கிறது. வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளைக்கு 30, 40 கிலோ புல் மேயும். நண்டும் இறாலும் ஓரா மீனும் குஞ்சுப் பருவத்தில் ஒளிவதும் இதற்குள்தான். 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் ஆவுளியா பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் தெற்கு எல்லைக்குக் கீழே ராமநாதபுரத்துக் கடலும் அதே புல்வெளியின் தொடர்ச்சிதான், ஆவுளியா மாவட்ட எல்லை பார்த்து மேய்வதில்லை.

கடற்புல்லை மறுபடி வளர்க்க, தழைப்பான வயலில் இருந்து வேர்த்தண்டோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்து, சட்டத்தில் கயிறு கட்டி அதில் முடிந்து, கடலடியில் பதித்து வைக்கிறார்கள். ஆரம்பத்தில் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டம் பயன்பட்டது. பிறகு மூங்கிலும் தென்னை நார்க்கயிறும் வந்தன. புல் வேர் பிடிக்கும் நேரத்தில் கயிறு தானே மக்கிவிடும், எடுக்கப் போக வேண்டியதில்லை. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மன்னார் வளைகுடாவிலும், ஓம்கார் அமைப்பு பாக் நீரிணையிலும் இந்த வேலையைச் செய்துவருகின்றன. பறிப்பதும் கட்டுவதும் பதிப்பதும் கையால்தான், ஒவ்வொரு சதுர மீட்டராக. அப்படி நட்டதை ஒரு விசைப்படகு இழுவைமடி போட்டுக் கடந்தால் ஒரே இழுப்பில் உழுதுவிட்டுப் போய்விடும். இழுவை கிளப்பும் சேறு தண்ணீரைக் கலக்கி வெயிலையும் மறைக்கும். கரையை ஒட்டி இழுவை கூடாது என்று 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று இங்கே ஓர் ஏற்பாடும் இருக்கிறது. இந்த இரண்டும் முறையாக நடக்கும் இடத்தில் புல் நடவே தேவைப்படாது என்றுகூடச் சொல்லலாம். கண்மாயில் தண்ணீருக்குக் கேட்ட கேள்வியை இங்கே வெளிச்சத்துக்குக் கேட்க வேண்டும்: தரைக்கு வெயில் போகிறதா?

வெளியூர்ச் செடியின் கதை கடலிலும் உண்டு. கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை 2000-க்குப் பிறகு மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கத் தொடங்கினார்கள். பெண்களுக்குக் கையில் காசு வந்தது. அதே பாசி குருசடைத் தீவில் பவளப்பாறைமேல் படர்ந்து மூச்சுமுட்ட வைப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இப்போது பாறையில் இருந்து கையால் பிய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது, துண்டு விட்டால் மறுபடி தழைக்கும். கரையில் சீமைக்கருவேலம், கடலில் கப்பாபைகஸ். இரண்டுமே ஏழைக்கு உதவும் என்று நல்ல எண்ணத்தில் வந்தவை, உதவியும் செய்தவை. அதனால்தான் இரண்டையும் எடுக்கும் திட்டத்தில் அந்த வருமானத்துக்கு மாற்று என்ன என்ற பத்தி கட்டாயம் இருக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, இந்த மாவட்டத்துக்கென்றே வைத்தது போல. 2017-ம் ஆண்டு ஈரநில விதிகள் பாசனத்துக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. உப்பளத்தையும் எடுப்பதில்லை. ராமநாதபுரத்துக் கண்மாய் அத்தனையும் பாசனத்துக்காக வெட்டியவை! ராம்சர் முத்திரை பெற்ற நான்குக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் மேல்கண்மாய்க்கு அது கிடையாது. மேல்கண்மாய் வரத்தை மறித்தால் கீழே இருக்கும் ராம்சர் கண்மாய் சட்டப்படி பாதுகாப்பாகவே காய்ந்து கிடக்கும். போதாததற்குப் பொறுப்பும் பிரிந்து கிடக்கிறது. பெரிய கண்மாய் நீர்வளத்துறை, சிறியது ஊராட்சி ஒன்றியம், உள்ளே நிற்கும் மரம் வனத்துறை, நிலப் பதிவு வருவாய்த்துறை. மேலிருந்து கீழ் வரை ஒரு கண்மாய்ச் சங்கிலியை ஒரே அலகாக எடுத்து, வரத்துக்காலையும் சேர்த்து அளந்து பதிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும். ஒவ்வொரு கண்மாயாகத் திட்டம் போடும் வரை தீராது.

இத்தனைக்கும் நடுவில் மீன்பாசி ஏலம் என்று ஒன்று இருக்கிறது, பலரும் அதைப் பேசுவதில்லை. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுப்பவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வற்றினால் லாபம். தை, மாசியில் மடையைத் திறந்து வடித்துவிட்டால் மீனை அள்ளிவிடலாம். நாரை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மழை தாமதமாகி மார்கழியில் கூடு கட்டிய பறவைக்கு மாசியில் குஞ்சு இன்னும் கூட்டில்தான் இருக்கும். தண்ணீர் போனால் இரை போகும், மரத்தடியில் தண்ணீர் இல்லாவிட்டால் நாயும் நரியும் வந்து கீழே விழும் குஞ்சைத் தூக்கும். நெல் வைத்தவருக்கோ கதிர் முற்றும் வரை மடைத் தண்ணீர் வேண்டும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் உரம் மாதிரி என்று அவர்களே சொல்வார்கள். ஆக, ஏலக்காரர் ஒரு பக்கம், விவசாயியும் நாரையும் மறுபக்கம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள் என்று எல்லாரும் பாராட்டுகிறோம். இங்கே கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: பங்குனி பாதி வரை மடை மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறக்கக் கூடாது என்று ஏல ஒப்பந்தத்தில் ஒரு வரி, அதனால் குறையும் ஏலத் தொகையை ஊருக்கு ஈடுகட்ட ஒரு சின்ன நிதி. பொக்லைன் வாடகையோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை ஒன்றுமே இல்லை.